படத்தில் இருக்கும் குழந்தை சாகவில்லை

ஓடுகிறோம். மணல். கால் புதைகிறது. என் வலது கையில் மகள் தாரணியின் கை. முன்னால் என் கணவர், தலையில் அரிசிப் பை. தூரத்தில் "டும்". ஷெல்லைக் குத்தும் சத்தம், பீரங்கியிலிருந்து குண்டு கிளம்பும் சத்தம் அது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. அந்தக் கொஞ்ச நேரம்தான் எங்களுடையது. அப்புறம் துணியைக் கிழிப்பதுபோல் வானம் இரையும்.

"படுங்கோ! விழுந்து படுங்கோ!"

படுக்கிறோம். வெடிக்கிறது. வாய்க்குள் மண். எழுகிறோம். ஓடுகிறோம்.

பக்கத்தில் ஒருத்தி ஓடி வந்தாள். பச்சைச் சட்டை. என்னைவிட இளையவள். இடுப்பில் கைக்குழந்தை. அவளுடைய தாய் பின்னால் விழுந்துவிட்டார். எழ முடியவில்லை.

"அக்கா, இவளை ஒருக்காப் பிடியுங்கோ. அம்மாவத் தூக்கிக்கொண்டு வாறன்."

பதிலுக்கு நிற்கவில்லை. குழந்தையை என் தோளில் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

டும்.

"போகாதே! படு!" என்று கத்தினேன். கத்தியது எனக்கே கேட்கவில்லை. புகை விலகியது. அவர்கள் இருந்த இடத்தில் ஒரு குழி. ஓரத்தில் பச்சைத் துணி. மண்டியிட்டேன். குழந்தை என் மடியில் கண்ணை மூடிக் கிடந்தது. யாரோ அப்போது படம் எடுத்திருக்கிறார்கள். நான் பார்க்கவில்லை.

இலங்கையில், கடைசிப் போரின்போது, வன்னியில் அது நடந்தது. இப்போது நான் பூந்தமல்லிக்குப் பக்கத்தில், பாரிவாக்கத்தில், ஒரு வாடகை வீட்டின் கீழ்ப்பகுதியில் இருக்கிறேன். அம்பத்தூரில் ஒரு துணிக் கம்பெனியில் தைக்கிறேன். தாரணி வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை செய்கிறாள். அவளுக்கு இடது காது கேட்காது. அன்றைய ஓட்டத்தில் போனது.

போன ஞாயிற்றுக்கிழமை நிவேதா என்ற பத்திரிகைக்காரப் பெண் வந்தாள். போரில் சாதாரண சனங்கள் எதை இழந்தார்கள் என்று எழுதுகிறாளாம். கையில் அந்தப் படம். ராமேசுவரம் பக்கத்து முகாமில் எங்களோடு இருந்த ஒருத்தி என்னை அடையாளம் சொல்லியிருக்கிறாள்.

"அக்கா, இது நீங்கதானே?"

நான்தான். கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. நிவேதா படித்துச் சொன்னாள். இறந்த குழந்தையுடன் ஒரு தாய்.

அப்போது தெருவில் சாவு ஊர்வலம். பறை. திடீரென்று வெடி. ஒன்று. அப்புறம் சரமாக.

நான் தரையில் கிடக்கிறேன். கட்டிலுக்கு அடியில் தலை. எப்படிப் போனேன் என்று தெரியாது. தாரணி என்மேல் கவிழ்ந்து கிடக்கிறாள். மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா செல்வி கத்துவது கேட்கிறது.

"டேய்! அந்தாண்ட போய் வெடிங்கடா! கீழ அந்தக்கா கீறாங்க! அவங்களுக்குச் சத்தம் ஆவாதுடா!"

வெடி நின்றது. பறை மட்டும் நகர்ந்து போனது. நிவேதா சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள்.

எழுந்து உட்கார்ந்தேன். தண்ணீர் குடித்தேன். சொல்ல ஆரம்பித்தேன்.

குழந்தை சாகவில்லை. படத்தில் அது மயங்கிக் கிடக்கிறது. நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தேன். அடித்துக்கொண்டிருந்தது. தறப்பாள் கூடாரத்துக்குள் கொண்டுபோய்க் கஞ்சித் தண்ணீரை விரலில் தொட்டு வாயில் வைத்தேன். சப்பியது. அன்று பின்னேரம் என் கணவர் கஞ்சிக்கு வரிசையில் நின்றார். வரிசைமேல் ஷெல் விழுந்தது. நான் போனபோது அவருடைய கிண்ணத்தைத்தான் முதலில் கண்டேன்.

குழந்தையின் தொடையில் காயம். மறுநாள் சீழ் வைத்தது. ஒரு பள்ளிக்கூடத்தை ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார்கள். தூக்கிக்கொண்டு போனேன். காயப்பட்டவர்களை ஏற்றக் கப்பல் வருகிறது, குழந்தையை அனுப்பலாம் என்றார் தாதி. எங்களுக்கு இடமில்லை.

"பிள்ளையின்ர பேர்?"

தெரியாது.

"தாயின்ர பேர்?"

அதுவும் தெரியாது. தாதி என்னைப் பார்த்தார். "அப்ப உங்கட பேரைச் சொல்லுங்கோ" என்றார். வெள்ளைப் பிளாஸ்டரில் என் பெயரை எழுதி அதன் கையில் ஒட்டினார். படகு கப்பலை நோக்கிப் போனது. குழந்தை அழுதது. நல்ல சத்தம். அதற்குப் பிறகு எனக்கு ஒரு செய்தியும் இல்லை. முகாமில் கேட்டேன். கடிதம் எழுதிக் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

நிவேதா கேட்டாள், "உங்க பேரப் போடலாமா அக்கா? வேணாம்னா மாத்திடறேன்."

தாரணி என் கையைப் பிடித்தாள். "வேண்டாம் அம்மா. பேர் வெளியில வந்தா ஆர் ஆர் தேடி வருவினம் எண்டு தெரியாது. எங்களுக்கு இஞ்ச ஒரு காகிதமும் உறுதியா இல்லை. திரும்ப அனுப்பினா என்ன செய்வீங்கள்?"

அவள் பயம் பொய்யில்லை. கதவை யாராவது தட்டினால் இன்றும் நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்துகிறோம். ஆனால் அந்தப் பிள்ளை இப்போது வளர்ந்திருப்பாள். தான் ஆர் என்று எப்போதாவது கேட்பாள். அவளிடம் இருக்கக்கூடியது என் பெயர் ஒன்றுதான்.

"போடு பிள்ளை," என்றேன். "சிவமலர். முழுசாப் போடு. அந்த வரியையும் மாத்து."

தாரணி எழுந்து உள்ளே போனாள். இரவு சாப்பிடவில்லை. காலையில் வேலைக்குப் போகுமுன் கேட்டாள், "அந்தப் பிள்ளைக்கு எந்தத் தொடையில காயம் அம்மா? அதையும் சொன்னீங்களா?" நிவேதாவிடம் நான் அதைச் சொல்லியிருக்கவில்லை. அவளே நிவேதாவுக்குப் போன் செய்தாள். இடது தொடை.

நான் இழந்தவர்கள் இவர்கள். என் கணவர் தேவராசா. என் அண்ணா. அண்ணி. அவர்களுடைய இரண்டு பிள்ளைகள். எங்கள் வீடு, கிணறு, இரண்டு பசுக்கள். தாரணியின் இடது காது. பச்சைச் சட்டை போட்டிருந்த பெண், பெயர் தெரியாது. அவளுடைய அம்மா, பெயர் தெரியாது.

குழந்தையை இதில் சேர்க்க மாட்டேன்.