ஓய்வில் இருக்கிறார்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஊர் வெந்நீர் ஊற்றில் எந்தக் குறையும் இல்லை. நானே தினமும் அதில்தான் குளிக்கிறேன், முதுகுக்கு இதமாக இருக்கிறது. ஸ்டேஷன் வாசலில் நிற்கும் பத்திரிகைக்காரர்கள் தண்ணீரைப் பற்றி ஏதாவது எழுதிவைத்தால் ஊர் மொத்தமும் நடுத்தெருவுக்கு வந்துவிடும். அதை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் ஐயா. மற்றதை நான் நிதானமாகச் சொல்கிறேன், இனி எனக்கு ஒரு அவசரமும் இல்லை.

நான் விளம்பரக்காரன். அதற்கு முன் சோப்பு விற்றேன். சிமெண்ட் ஆலையை இழுத்து மூடிய பிறகு இந்த ஊரில் ஈயோட்டிக்கொண்டிருந்த விடுதிக்காரர்கள் எல்லோரும் ஒரு சங்கம் வைத்து என்னைக் கூப்பிட்டார்கள். வந்து பார்த்தேன். ஒரு ஊற்று, ஒரு குன்று, குன்றுக்கு ஏற ஒரு படிக்கட்டு, புகை வராத ஒரு புகைபோக்கி. இதை வைத்துக்கொண்டு யாரை வரவழைப்பது? சும்மா வா என்றால் எவனும் வரமாட்டான், விழாவுக்கு வா என்றால் வருவான். உடம்பு நன்றாக இருக்கிறவனுக்குத்தான் உடம்பைப் பற்றிய கவலை ஜாஸ்தி என்பது சோப்பு விற்கும்போதே எனக்குத் தெரியும். அப்படிப் பிறந்ததுதான் நல விழா. அது பிடித்துக்கொண்டதும் நடை விழா, மூச்சு விழா என்று வரிசையாகப் போட்டேன். தூக்க விழா என்றபோது சங்கத் தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். தூங்குவதற்கு எவனாவது ரயிலேறி வருவானா என்று கேட்டார். அந்த முறைதான் அறை கிடைக்காமல் ஆட்கள் பேருந்து நிலையத்தில் படுத்துத் தூங்கினார்கள்.

விழாவில் சொற்கள் முக்கியம். விழா நடக்கும் விடுதியில் வேலை பார்க்கிறவர்கள் யாரும் நோய், வலி, மயக்கம், ஆஸ்பத்திரி என்ற சொற்களைச் சொல்லக்கூடாது என்று விதி வைத்தேன். எல்லாவற்றுக்கும் ஓய்வு என்றே சொல்ல வேண்டும். யாராவது தலைசுற்றி உட்கார்ந்துவிட்டால் சின்ன ஓய்வு. வாந்தி எடுத்தால் நல்ல ஓய்வு. கேலியாக இருக்கும், ஆனால் ஒரு வாரத்தில் எல்லோருக்கும் நாக்கில் படிந்துவிட்டது. சமையற்கட்டில் மாவரைக்கும் இயந்திரம் நின்றுபோனால்கூட ஓய்வுக்குப் போய்விட்டது என்றுதான் சொன்னார்கள்.

அறைக் கதவில் மாட்ட ஒரு அட்டையும் செய்தேன். ‘ஓய்வில் இருக்கிறார்’ என்று பச்சை எழுத்தில் இருக்கும். அது தொங்கினால் யாரும் தட்டக்கூடாது, கூப்பிடக்கூடாது, சாப்பாடு கொண்டுபோகக்கூடாது. வயதான விருந்தாளிகள் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு மயங்கிவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து, உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு வெளியே பூட்டு வைத்ததும் நான்தான். எல்லாம் பாதுகாப்புக்காக. கைபேசிகளை வரவேற்பறையிலேயே வாங்கி வைத்துக்கொள்வோம். விருந்தாளிகள் அதற்காகவே எங்களைப் புகழ்ந்து எழுதினார்கள்.

இனி என் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியின் அண்ணன். பேருந்து நடத்துநராக இருந்தவர், வாயைத் திறந்தால் நாலு பேர் சிரிப்பார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இதயம் தளர்ந்துவிட்டது என்று வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். கால் வீங்கி, பத்தடி நடந்தால் மூச்சு வாங்கி, எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். என் மனைவி அவரைத் தாங்கித் தாங்கிப் பார்த்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரைகள் நன்றாகவே வேலை செய்தன. கொஞ்ச நாளில் வீக்கம் வடிந்தது. ஒரு நாள் காலையில் பொழுதுபோகாமல் குன்றின் படிக்கட்டில் மெல்ல ஏறி, உச்சியில் நின்று கையை ஆட்டினார். கீழேயிருந்து நான் ஒரு படம் எடுத்தேன்.

அந்தப் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பேருந்துகளின் முதுகில், முடிதிருத்தும் கடையில், ரயில் நிலையத்தில் எல்லாம் இருக்கிறது. ‘படுத்திருந்தேன், ஏறிவிட்டேன்’ என்று கீழே ஒரு வரி. தண்ணீரால் குணமானார் என்று நான் எங்கும் எழுதவில்லை. பக்கத்தில் ஊற்றின் படத்தை வைத்தேன், அவ்வளவுதான். மீதியை ஜனங்களே எழுதிக்கொண்டார்கள். விழாதோறும் காலையில் மச்சான் முன்னால் ஏற, நூற்றுக்கணக்கானவர்கள் பின்னால் ஏறினார்கள். படிக்கட்டு அண்ணன் என்று பெயரும் வந்துவிட்டது. அவரும் பழைய ஞாபகத்தில், “உள்ள போங்க, உள்ள போங்க, முன்னாடி எடம் இருக்கு பாருங்க” என்பார். கூட்டம் சிரித்துக்கொண்டே ஏறும்.

அவருக்கு அது பிடித்திருந்தது, முதல் இரண்டு விழா வரைக்கும். பிறகு ஒரு சிக்கல். இருமினால் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மருந்துக் கடையில் நின்றால் கடைக்காரரே பதறிப்போய், “அண்ணே, நீங்களா?” என்று கேட்டார். அதனால் பக்கத்து ஊருக்குப் போய் நானே மாத்திரை வாங்கிவந்தேன். வெளியிடத்தில் அவர் தைரியமாக எடுத்துப் போட்டுக்கொள்ள ஏதுவாகப் புதினா மிட்டாய் டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். ஒருமுறை ஒரு சுற்றுலாப் பெண்மணி எனக்கும் ஒன்று கொடுங்கள் என்று கை நீட்டிவிட்டாள். கடைசி மிட்டாய் என்று சொல்லிச் சமாளித்தாராம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

“மாப்ளே, நான் ஊருக்குப் போறேன். கொஞ்ச நாள் யாரும் பாக்காத எடத்துல இருமிட்டு வரேன்.”

“இந்த விழா முடியட்டும் மச்சான்.”

“எந்த விழா? ஒண்ணு முடியறதுக்குள்ள இன்னொண்ணுக்குப் பந்தல் போட்டுடறியே.”

சொன்னது நியாயம்தான். ஆனால் நான் மட்டும் சுதந்திரமாகவா இருந்தேன்? ஊரில் பாதிப் பேர் என் பேச்சைக் கேட்டு வீட்டை இடித்து விடுதி கட்டியிருந்தார்கள். தெருவில் பார்த்தால், படிக்கட்டு அண்ணன் சௌக்கியமா என்றுதான் என்னைக் கேட்பார்கள், என்னைப் பற்றி ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஊரே ஒரு மனிதரின் மூச்சில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பாரம் முழுவதும் என் தலையில். இரவில் அவர் இருமினால் எனக்குத் தூக்கம் போய்விடும்.

இந்த விழாவுக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பெரிய சுற்றுலா நிறுவனத்தின் ஆட்கள் வருவதாக இருந்தது. அவர்கள் தலையாட்டிவிட்டால் வருஷம் முழுக்க வண்டி வண்டியாக ஆட்கள் வருவார்கள். எனக்கு நிற்க நேரமில்லை. பக்கத்து ஊருக்குப் போய் மாத்திரை வாங்க முடியவில்லை. டப்பா காலியாக இருந்தால் அவர் வீணாகக் கவலைப்படுவார். கவலை அவர் உடம்புக்கு ஆகாது என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். அதனால் மிட்டாயையே போட்டு வைத்தேன். அதுவும் வெள்ளை, இதுவும் வெள்ளை.

“இந்த வாட்டி மாத்திரை இனிக்குதே மாப்ளே.”

“கம்பெனி மாத்திட்டாங்க மச்சான்.”

“நல்ல கம்பெனிதான்” என்று இன்னொன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

விழா தொடங்கி நாலைந்து நாளில் அவர் காலில் செருப்பு நுழையவில்லை. உட்கார்ந்தபடியே தூங்கினார். வெளிநாட்டு ஆட்கள் வரவேண்டிய அன்று காலை விடுதிக்கு வந்து என்னைத் தனியே கூப்பிட்டார். உதடு கொஞ்சம் நீலமாக இருந்தது.

“மூச்சு முட்டுது மாப்ளே. ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாமா?”

ஆஸ்பத்திரி தூரமில்லை. விழா வளைவுக்கு நேர் எதிரேதான். அதுதான் சங்கடம். வளைவில் முப்பதடி உயரத்துக்கு அவர் கையை ஆட்டிக்கொண்டு நிற்க, அதன் கீழே அவரையே தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோக முடியுமா, நீங்களே சொல்லுங்கள். பின்வாசல் வழியாகக் காரில் பக்கத்து ஊருக்கு அனுப்பலாம் என்று பார்த்தேன். நிஜமாகவே பார்த்தேன். பின்வாசலை அடைத்துக்கொண்டு மூலிகைத் தைலக் கடைகள். அந்த இடத்தை அவர்களுக்கு ஒதுக்கிக் கொடுத்தவன் நான்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் கட்டிய பந்தல்தான் நின்றது.

“சாயங்காலம் போயிடலாம் மச்சான். அதுவரைக்கும் படுங்க” என்று கடைசி அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தார். வழியில் மூன்று இடத்தில் நின்றார். கட்டிலில் உட்காரவைத்து, தலையணைகளை முதுகுக்கு முட்டுக் கொடுத்து, தண்ணீர் வைத்துவிட்டு வந்தேன். அட்டையை மாட்டினேன். பூட்டினேன். அவர் எழுந்து வரவேற்பறைக்கு வந்துவிடக்கூடாதே என்றுதான்.

வெளிநாட்டு ஆட்கள் வந்தார்கள். படிக்கட்டு அண்ணன் எங்கே என்று கேட்டார்கள். ஓய்வில் இருக்கிறார் என்றேன். இவ்வளவு புகழ் பெற்ற மனிதரும் விதியைக் கடைப்பிடிக்கிறாரே என்று அவர்களுக்கு ஒரே ஆச்சரியம்.

மதியம் என் மனைவி வந்தாள். வரவேற்பறையில் விருந்தாளிகளின் கைபேசிகளை வாங்கி வைக்கும் வேலை அவளுடையது.

“அண்ணன் சாப்பிட்டாரா?”

“ஓய்வுல இருக்கார்.”

ஒரு தட்டில் சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைசி அறை வரை போனாள். அட்டையைப் பார்த்ததும் திரும்பிவிட்டாள். விதி என்றால் விதி, அவ்வளவு ஒழுங்கானவள். தட்டை மூடி எடுத்து வைத்துவிட்டு மறுபடி வேலையில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் துப்புரவு செய்யும் அம்மா என்னைத் தேடி வந்தார்.

“சார், கடைசி ரூம்ல தட்டற சத்தம் கேக்குது.”

“அட்டை தொங்குதில்ல?”

“தொங்குது சார். அட்டை தொங்கினா நாம தட்டக்கூடாது, அது தெரியும். உள்ள இருக்கறவங்க தட்டினா என்ன பண்ணணும்னு நீங்க சொல்லலையே.”

உண்மைதான். அதற்கு நான் விதி எழுதவில்லை. ஓய்விலிருப்பவர் தட்டுவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

“ஒண்ணும் பண்ண வேணாம். ஓய்வுல சில பேருக்கு அப்படித்தான் இருக்கும்” என்றேன். சரி சார் என்று வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவரை நீங்கள் தொந்தரவு செய்யக்கூடாது. சொன்னதைச் செய்தவர்.

அடுத்து, வெளிநாட்டு ஆட்களுக்கு அறைகளைச் சுற்றிக்காட்டும்போது அந்த நடைவழிக்கும் போக வேண்டியிருந்தது. தட்டுகிற சத்தம் கேட்டது. விட்டு விட்டு, மெதுவாக. அது என்ன என்று கேட்டார்கள். ஊற்றுத் தண்ணீர் குழாயில் ஏறுகிறது என்றேன். அவர்களில் ஒருவர் சுவரில் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பூமியின் நாடித்துடிப்பு மாதிரி இருக்கிறது என்றார். நல்ல வரி. நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

அவர்கள் மாலையில் கையெழுத்துப் போட்டார்கள். சங்கத் தலைவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அதன் பிறகுதான் கடைசி அறைக்குப் போய்க் கதவைத் திறந்தேன். கதவை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார். சாய்ந்திருந்த கதவு விலகியதும் என் காலில் வந்து விழுந்தார். உடம்பு சில்லிட்டிருந்தது. இவ்வளவும் நேற்றே உங்களிடம் சொல்லிவிட்டேன்.

நேற்று ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். என் மனைவி பக்கத்து அறையில் இருந்தாள், அதனால் சொல்லவில்லை. அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அண்ணன் உங்களைக் கூப்பிட்டாரா என்றாள். இல்லை என்றேன். அது பொய்.

வெளிநாட்டு ஆட்களைச் சாப்பாட்டுக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு நான் தனியாக அந்தக் கதவுக்குத் திரும்பி வந்தேன். சாவி கையில்தான் இருந்தது. அப்போது அவர் உயிரோடு இருந்தார். ஆஸ்பத்திரிக்கு நூறடி. நான் திறந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார், எனக்கு அது அப்போதே தெரியும். சாப்பாட்டுக் கூடம் வரை கேட்கும்படி அவர் ஒரு சத்தம் போட்டிருந்தாலும் திறந்திருப்பேன். அவர் சத்தம் போடவில்லை. நடத்துநர் இல்லையா, காலடிச் சத்தத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்.

“மாப்ளே, நீதானே? கதவு மாட்டிக்கிச்சு போலிருக்குப்பா. உள்ளேர்ந்து தொறக்க வரல.”

சாப்பாட்டுக் கூடத்திலிருந்து வந்த சிரிப்புச் சத்தம் அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். கொஞ்சம் மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி பேசினார்.

“வந்திருக்காங்களா? சரி, சரி. நீ அவங்களைக் கவனி. அப்புறம் வா.”

அவர்தான் சொன்னார் ஐயா, அப்புறம் வா என்று. நான் அப்புறம் போனேன்.