ஏழும் நாலும் சேரும் இடம்

அவையை ஆளும் அன்புத் தலைவர் அவர்களே! கணக்கென்றாலே கசக்கும் என்ற கட்டுக்கதையைக் கலைக்க வந்த கணித மன்றத்துக் கண்மணிகளே! தலை நரைத்தாலும் முன்வரிசையை நழுவவிடாத பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்தோமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும் என் தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும் இந்த ஓய்வுபெற்ற கணக்கு டீச்சரின் வணக்கம்.

பாட்டுக்கும் கணக்குக்கும் என்ன உறவு என்று பேசச் சொன்னார்கள். பங்காளி உறவா? சம்பந்தி உறவா? கூடப்பிறந்த உறவு என்பேன் நான். கண்ணால் கண்ட கதை ஒன்று சொல்கிறேன், கேளுங்கள்.

நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் தெருவில் ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. பாடுவது என் அக்கா. அவள் பாடினால் மாடியில் துணி உலர்த்துகிறவர்கள் ஈரத்துணியோடு அப்படியே நின்றுவிடுவார்கள். அவளுக்குப் பின்னால் நின்று தாளம் தட்டுவது நான். டிரம்ஸ் அடித்தவரை 'இடி' என்றுதான் கூப்பிடுவோம். அட, யார் அது என்றா கேட்கிறீர்கள்? மூன்றாவது வரிசையில் ஒன்றும் தெரியாதவர்போல் உட்கார்ந்திருக்கிறாரே, என் வீட்டுக்காரர், அவர்தான்!

எங்கள் அப்பா பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். எங்கள் முதல் கச்சேரியில் கூட்டம் கூச்சலிட்டே எங்களை மேடையிலிருந்து இறக்கிவிட்டது; அடுத்த ஆண்டு மறுபடி ஒரு வாய்ப்பு வந்தது. அப்பாவுக்கு அது ஆறவே இல்லை.

"இதோ பாரும்மா, இதான் கடைசி. என் பொண்ணை நாலு பேர் கேலி பண்றதை இன்னொரு தடவை என்னால பார்க்க முடியாது. இந்த முறையும் சொதப்பினா, பாட்டை மூட்டை கட்டிடு" என்றார் அக்காவிடம். அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இடிக்கு ஒரு பழக்கம். எந்தப் பாட்டில் ஒரு வரிக்குத் தாளம் எத்தனை எண்ணிக்கை என்று டிரம்ஸ் விளிம்பில் சாக்பீஸால் வரிசையாக எழுதிக்கொள்வார். நாலு, ஏழு, ஆறு. கச்சேரி அன்று கடைசி நிமிடத்தில் இரண்டாம் பாட்டை முதலாவதாக மாற்றினோம். எல்லோருக்கும் சொன்னோம், இடிக்குச் சொல்ல மறந்தோம்!

வந்தது வினை! அக்கா ஏழில் பாடுகிறாள். இடி நாலில் அடிக்கிறார். முதல் வரி முடிந்து இரண்டாம் வரியை எடுத்தாள். அடி தள்ளி விழுந்தது. கூட்டத்தில் ஒரு விசில். இடியின் முகம் வெளுத்தது, கை தாளத்தை மாற்றப் போகிறது. அக்கா என்னைப் பார்த்தாள். நிறுத்தட்டுமா என்று கண் கேட்டது. ஐயோ, அந்தப் பார்வை!

எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது சாமி அல்ல. ஐந்தாம் வகுப்பில் படித்த மீச்சிறு பொது மடங்கு! ஏழுக்கும் நாலுக்கும் இருபத்தெட்டு. ஏழெண்ணிக்கையில் நாலு வரி!

"அக்கா, நிறுத்தாதே! டிரம்ஸைக் கேக்காதே, பாடிக்கிட்டே போ! நாலு வரி முடிஞ்சா சேர்ந்துடும்!" என்றேன். இடியிடம், "மாத்தாதீங்க! மாத்துனா கொன்னுடுவேன்!" என்றேன். அவரை நான் மிரட்டியது அதுதான் முதல் முறை.

மூன்றாம் வரி தவித்தது. நாலாம் வரி தத்தளித்தது. அது முடிந்து பல்லவியை அக்கா திரும்ப எடுத்தாளே, அந்த முதல் சொல்லும் இடியின் முதல் அடியும் ஒன்றாய் விழுந்தன! விலகி விலகிப் போய் வந்து சேர்ந்த அந்த வித்தையை வேண்டுமென்றே செய்ததாக நினைத்து அரங்கம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது.

ஆனால் அப்பாவை ஏமாற்ற முடியுமா? எஞ்சின் சத்தத்தில் கோளாறு கண்டுபிடிக்கிற காது அது. வீடு திரும்பும் வழியில் என்னிடம் கேட்டார்.

"அந்தத் தம்பி தப்பாத்தானே அடிச்சான்?"

"ஆமாப்பா."

"அப்புறம் எப்படிச் சரியா வந்துச்சு?"

"இருபத்தெட்டு எண்ணிக்கை முடிஞ்சா ரெண்டும் சேர்ந்தே ஆகணும்பா."

நடந்துகொண்டே விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

"நாளைக்கும் சேருமா?"

"எப்பவும் சேரும்பா."

"அப்படின்னா பாடட்டும்" என்றார். அக்கா நடுத்தெருவில் நின்று அழுதுவிட்டாள்.

அன்பர்களே! 'எப்பவும்' என்று மருத்துவர் சொல்வாரா? வக்கீல் சொல்வாரா? கல்யாணத் தரகர்கூடச் சொல்லமாட்டார்! பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, அச்சத்தில் இருந்த அப்பாவிடம் அந்தச் சொல்லைத் துணிந்து சொன்னாளே, அந்தத் துணிச்சலைத் தந்தது கணக்கு! அதற்குப் பிறகு முப்பத்தோரு ஆண்டுகள் பாடினாள் என் அக்கா. கச்சேரி எங்கே நடந்தாலும், கடைசி வரை, முதல் ஆளாய்ப் போய் இடம் பிடித்தவர் எங்கள் அப்பா.

பொறுமையாய்க் கேட்ட உங்கள் காதுகளுக்கு என் நன்றி. வணக்கம்.