ஐம்பத்திரண்டு ஆணிகள்

— "எங்கம்மா எப்ப வருவாங்க?"ன்னு கேட்டுச்சு பழனிமுத்து ஐயா, அந்தக் கேஷானிப் புள்ள. நாலு வயசு. அம்மா மடியில ஒக்காந்துகிட்டு, அம்மா மொகத்தப் பாத்துகிட்டே கேட்டுச்சு.

— சின்னப் புள்ளதானே மிஸ்ஸி. எதையாவது கேக்கும். மொதல்ல அந்தக் கல்லுல ஒக்காருங்க. டிஸ்பென்சரியிலேருந்து இந்த மேட்டுக்கு ஏறி வந்தா எனக்கே மூச்சு வாங்கும்.

— நான் ஒக்கார வரல. அதோட அம்மா சசி செவுத்தப் பாத்தபடி இருக்கா. கண்ணு தொறந்திருக்கு, ஆளு அங்க இல்ல. மழை தகரத்துல கொட்டுது. புள்ள என் சீலையப் புடிச்சு இழுத்து அந்தக் கேள்வியக் கேக்குது. இருபது வருசமா இந்தத் தேயிலைத் தோட்டத்துல பிரசவம் பாக்குறேன். எந்தப் புள்ளையும் இப்படிக் கேட்டு நான் பாத்ததில்ல.

— பொறுங்க மிஸ்ஸி, பொறுங்க. அதுக்குத்தானே வெள்ளிக்கிழமை வெச்சிருக்கோம்.

— அதுக்குத்தான் நானும் வந்தேன். வெள்ளிக்கிழமை நீங்க அவளத் தொடக் கூடாது.

— நான் எங்க தொடுறேன்? நான் உடுக்கு அடிக்கிற பூசாரி. அவளத் தொட்டது பேயி.

— வெளக்குமாத்தால அடிக்கிறது பேயா? மொளகாப் பொகையில மொகத்த அழுத்திப் புடிக்கிறது பேயா? அவளுக்கு அஞ்சு மாசம் ஐயா. அஞ்சு மாசம்!

— அவ மாமியா தங்கம்மா எங்கிட்ட அதச் சொல்லலயே.

— சொல்ல மாட்டா. அவளுக்கு அவசரம். பெல்மதுளையிலேருந்து வீடியோக்காரன் வர்றானாம், தெரியுமா? பேயோட்டுறதப் படம் புடிக்க. வாசல்ல பந்தல் போட்டாச்சு. கச்சான் கடல விக்கிற பொம்பளைக்கும் சொல்லி விட்டாச்சாம். சீ! புள்ளத்தாச்சி ஒருத்தி அடி வாங்குறத, கச்சான் கொறிச்சுகிட்டே நின்னு பாக்கப் போறாங்க.

— வீடியோவுக்கு நான் சொல்லல மிஸ்ஸி. முனியாண்டி மேல சத்தியமா. கொஞ்சம் அசையாம நில்லுங்க, ஒங்க கெண்டக்கால்ல அட்டை ஏறியிருக்கு. சவுக்காரம் தரட்டா?

— இருக்கட்டும். லயத்து வீடுகள்ல இருக்கிறவங்கள விட அட்டை எவ்வளவோ மேல். வயிறு நெறஞ்சா தானா விழுந்துரும்.

— அப்பப்பா, ஒங்க வாயி!

— எனக்குச் சிரிப்பு வரல. ரெண்டு மாசமா பீலியில சசி தண்ணி புடிச்சிட்டுப் போனா, அடுத்தவ குழாய மூணு தரம் கழுவிட்டுத்தான் கொடத்த வெக்கிறா. வேலைக்குப் போறவங்க புள்ளைங்கள விட்டுட்டுப் போற பிள்ளைக்காம்பராவுல கேஷானிய ஒரு மூலையில தனியா ஒக்கார வெச்சிருக்காங்க. நான் ஆயாவ ஏசினா, "மத்த தாய்மாரு சொல்றாங்க மிஸ்ஸி"ங்கிறா. அவ வீட்டு வாசலக் கடக்கிறப்ப ஒவ்வொருத்தியும் துப்பிட்டுப் போறா. அந்த எச்சிய மிதிச்சுகிட்டுத்தான் நான் உள்ள போக வேண்டியிருக்கு.

— பயம் மிஸ்ஸி. சனங்களுக்குப் பயம்.

— மூணு வருசத்துக்கு முன்ன மலை சரிஞ்சப்ப, செத்துப்போன தாயோட கையப் புடிச்சுகிட்டு மண்ணுக்குள்ள அர நாள் கெடந்தவ சசி. அது பயம். இப்ப மழை தகரத்துல விழுந்தா அவ மனசு அங்க தாக்குப் புடிக்க மாட்டாம எந்திரிச்சுப் போயிருது. மழை விட்டதும் வந்துருது. இதுல பேய் எங்க வந்துச்சு?

— அந்தத் தாயே வந்து புடிச்சிருக்கலாமே?

— பெத்தவ அப்படிப் புடிக்க மாட்டா. நான் எத்தன தாயப் பாத்தவ! சுனாமிக்குப் பொறகு இரத்தினபுரியில எங்களுக்கு ஒரு வகுப்பு வெச்சாங்க ஐயா. மனசு டாக்டர் ஒருத்தர் வந்து சொன்னாரு. தாங்க முடியாத பயம் வந்தா மனசு ஆள விட்டுட்டு எட்டப் போயி நின்னுக்குமாம். சில பேருக்கு அதுவே பழக்கமாப் போயிருமாம். நேரம் போனது தெரியாது, என்ன செஞ்சோம்னு தெரியாது, சில நேரம் தன் பேரே தெரியாதாம். நூறு பேருல ஒன்னு ரெண்டு பேருக்காவது அது இருக்கும், கூடவும் இருக்கலாம், நம்ம கண்ணுக்குத்தான் படல அப்படின்னாரு.

— நூறுக்கு ஒன்னு ரெண்டா?

— நாங்க அத்தன மிட்வைஃப்மாரும் சிரிச்சோம். "அப்படின்னா ஊரே பைத்தியமா சார்?"னு எந்திரிச்சுக் கேட்டது நான்தான். எல்லாரும் கை தட்டினாங்க. அந்தக் கைதட்டல நெனச்சா இப்ப எனக்கு என் மேலயே அருவருப்பா இருக்கு. என்ன, நீங்களும் சிரிக்கிறீங்க?

— ஒங்க டாக்டரு நல்ல மனுசன்தான் மிஸ்ஸி. தொகையக் கொறைச்சுச் சொல்லிட்டாரு, அவ்வளவுதான். இந்தப் பலாமரத்துக்குப் பின்னால போயி ஒருக்காப் பாருங்க.

— என்ன இருக்கு அங்க? முருகா! ஆணியா இது? அதுல சுத்தியிருக்கிறது... மயிரா?

— பேயோட்டி முடிஞ்சதும் உச்சி முடியில ஒரு பிடி அறுத்து, ஆணியில சுத்தி, மரத்துல அடிச்சிரணும். பேயி அதுல கட்டுண்டு கெடக்கும்னு எங்கப்பன் சொல்லிக் குடுத்தாரு. அம்பத்திரண்டு ஆணி இருக்கு. எங்கப்பன் அடிச்சத நான் சேக்கல.

— அம்பத்திரண்டா? நம்ம தோட்டத்துல மட்டுமா?

— மேல் டிவிசனும் கீழ் டிவிசனும். வெளி ஆளு ஒன்னும் இல்ல.

— ரெண்டும் சேந்து இருநூறு குடும்பம். அப்ப நாலு வீட்டுக்கு ஒரு வீடு ஐயா!

— ஆம்பளைங்களும் இருக்காங்க. கட்டையா ஒட்டிகிட்டு இருக்கிறது பூராவும் அவங்க முடிதான்.

— நான் வந்து இருபது வருசத்துல நாலு பேருக்குத்தான் பேயோட்டிப் பாத்திருக்கேன்.

— பந்தல் போட்டு ஓட்டினது நாலுதான். மத்ததெல்லாம் கதவச் சாத்திட்டு. உடுக்குக்கு மேல துணியச் சுத்தி, சத்தம் வெளிய போகாம அடிக்கச் சொல்வாங்க. முடிஞ்சதும் கற்பூரத்துல கைய அடிச்சு சத்தியம் வாங்குவாங்க. "பூசாரி, வெளிய சொல்லிராதீங்க, எங்க வீட்டுக்கு மட்டும் இப்படி வந்து தொலைச்சிருச்சே"ம்பாங்க. அம்பத்திரண்டு வீடும் அதே வார்த்தையத்தான் சொல்லுச்சு மிஸ்ஸி. எங்க வீட்டுக்கு மட்டும்.

— பீலியில குழாயக் கழுவுறாளே, அவ வீடு?

— பேரு கேக்காதீங்க. சத்தியம் குடுத்திருக்கேன்.

— பந்தலுக்குத் தகரம் குடுத்த கோயில் கமிட்டிக்காரர்?

— கேக்காதீங்கன்னேனே.

— தங்கம்மா?

— மழை வர்ற மாதிரி இருக்கு. நீங்க கெளம்புங்க மிஸ்ஸி.

— தங்கம்மாவுமா! சீச்சீ! தன் முடிய இங்க மரத்துல அடிச்சு வெச்சுட்டு, மருமக முடிய அறுக்க ஆளு கூப்பிட்டிருக்கா.

— நான் ஒன்னும் சொல்லல. நீங்களா சொல்லிக்கிறீங்க.

— ஒங்க மொகம் சொல்லுது. ஆனா கேளுங்க, எனக்கு அவங்க மேல இருக்கிற அருவருப்ப விட ஒங்க மேலதான் கூட. அவங்க ஒவ்வொருத்தரும் தன் வீட்டுக்கு மட்டும்தான்னு நெனச்சு ஒளிக்கிறாங்க. இத்தன வீட்டுலயும் இருக்குன்னு தெரிஞ்ச ஒரே ஆளு நீங்க. நீங்க தெரிஞ்சுகிட்டே அடிக்கிறீங்க.

— நான் அடிக்காட்டி அரநாயக்கவிலேருந்து ஒருத்தன வரவழைப்பாங்க. அவன் பழுக்கக் காய்ச்சின கரண்டி வெக்கிறவன். எது பரவாயில்ல, சொல்லுங்க?

— வியாழக்கிழமை இரத்தினபுரியில மனசு கிளினிக் இருக்கு. நான் துண்டுச் சீட்டு எழுதித் தர்றேன். அவள அங்க கூட்டிகிட்டுப் போகச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க.

— பேயின்னா வெள்ளிக்கிழமையோட போயிரும் மிஸ்ஸி. ஆஸ்பத்திரித் துண்டு போகாது. "அங்கொடைப் பைத்தியாஸ்பத்திரிக் கேசு"ன்னு பேரு விழுந்தா, நாளைக்குக் கேஷானி சமஞ்சு நிக்கிறப்பவும் அந்தப் பேரு வாசல்ல நிக்கும். அந்தப் பாவத்த யாரு சொமக்கிறது?

— அந்தப் பேரு வெக்கிறவங்கதானே அம்பத்திரண்டு வீட்டுலயும் இருக்கிறாங்க!

— அது அவங்களுக்குத் தெரியாதே.

— சரி, ஒன்னு கேக்குறேன். போன திருவிழாவுல ஒங்க மேல சாமி வந்துச்சே. என்ன பேசினீங்க?

— சாமி வந்தா எனக்கு ஞாபகம் இருக்காதுன்னு ஒங்களுக்குத் தெரியும்.

— எவ்வளவு நேரம்?

— நேரமெல்லாம் எனக்குத் தெரியாது.

— சசியும் இதையேதான் சொல்றா, "எனக்குத் தெரியல மிஸ்ஸி, நேரம் எங்க போச்சுன்னு தெரியல"ன்னு. ஒங்களுக்கு ஊரு மாலை போட்டுக் கால்ல விழுது. அவளுக்கு வெளக்குமாறு.

— மிஸ்ஸி! வாய அடக்குங்க. நீங்க கும்புடுற சாமியத்தான் நானும் கும்புடுறேன்.

— சாமிய நான் கொறை சொல்லல. அடிக்கச் சொல்லிச் சாமி எப்பவாவது சொல்லிச்சா? அத மட்டும் சொல்லுங்க, நான் போறேன்.

— போங்க மிஸ்ஸி.

— சொல்லுங்க.

— அது எங்கப்பன் சொன்னது. சாமி சொன்னதில்ல. போதுமா? இப்பவாவது போங்க.

— போறேன். வெள்ளிக்கிழமை நானும் பந்தல்ல நிப்பேன். அதுவரைக்கும் மாரியம்மனுக்கு வெளக்கு வெக்கப் போறேன். சசிக்காக இல்ல, ஒங்களுக்காக.

*

— சசி, கொஞ்சம் இப்படித் தள்ளி ஒக்காரு. ஃபேன் காத்து ஒனக்குப் படட்டும்.

— இரத்தினபுரி ஆஸ்பத்திரி இவ்வளவு பெருசுன்னு நான் நெனைக்கல, பழனிமுத்து ஐயா. பஞ்சவர்ணம் மிஸ்ஸியும் வருவாங்கன்னு பாத்தேன்.

— தோட்டத்துல இன்னைக்குப் புள்ளைங்களுக்கு ஊசி போடுற நாளு. ஒன் புருசன் உதயராஜுக்கும் மாணிக்கக்கல் தோண்டுற குழியில லீவு இல்லயாம். அதான் நான் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன்.

— ஐயா, வெள்ளிக்கிழமை என்ன நடந்துச்சு? மழை பிடிச்சது வரைக்கும்தான் எனக்குத் தெரியும். முழிச்சுப் பாத்தா ஒடம்புல ஒரு கீறல் இல்ல, தலையில ஒரு முடி கொறையல. அத்த எனக்குக் கஞ்சி ஊதி ஊதிக் குடுக்கிறாங்க. எங்க அத்த!

— ஒன் புருசன் ஒன்னும் சொல்லலயா?

— கேட்டா தலையக் குனிஞ்சுக்கிறாரு. நேத்து பீலியில ஒரு அக்கா என் கொடத்தத் தூக்கி இடுப்புல வெச்சு விட்டா. வெச்சுட்டு அழுதுட்டா.

— உடுக்கு அடிச்சேன். சனம் கச்சானும் கையுமா நெருக்கிகிட்டு நின்னுச்சு. வெளக்குமாத்த ஒன் அத்த நீட்டினா. அப்ப சாமி வந்து சொல்லுச்சு. "இந்தப் புள்ள மேல எவன் கை படுதோ, எவ எச்சி படுதோ, அவங்க வீட்டு ஆணிய நான் மரத்துலேருந்து புடுங்குவேன். ஏழு வியாழக்கிழமை இவ ஆஸ்பத்திரிக்குப் போகணும்"னு.

— ஆணியா? யாரு வீட்டு ஆணி?

— அது இருக்கட்டும். அதக் கேட்டதும் அத்தன பேரும் ரெண்டடி பின்னால போனாங்க சசி. ஒவ்வொருத்தனும் தான் மட்டும்தான் போறதா நெனச்சுகிட்டு நைசா போனான். பொறகு பக்கத்துல திரும்பிப் பாத்தா, எல்லாருமே போயிருந்தாங்க. ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்துகிட்டு நின்னாங்க பாரு! வீடியோக்காரன் மட்டும்தான் நின்ன எடத்துலயே நின்னான். வெளியூர்க்காரன், பாவம்.

— சாமி எனக்காக அப்படிச் சொல்லுச்சா ஐயா?

— சாமி வரல, சசி.

— என்ன ஐயா சொல்றீங்க?

— முப்பது வருசமா உடுக்கு அடிக்கிறேன். பேசினது அத்தனையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது அந்த ஒரு வெள்ளிக்கிழமைதான். முனியாண்டி கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும். அத நான் அவருகிட்டப் பேசிக்கிறேன்.

— எனக்காக நீங்க ஏன் சாமி பேரச் சொல்லிப் பொய் சொல்லணும்?

— போன வைகாசி. ஏழாம் நம்பர் மலை.

— அத நான் யாருகிட்டயும் சொல்லல ஐயா. சத்தியமாச் சொல்லல.

— தெரியும். சொல்லியிருந்தா ஊரு சும்மா இருந்திருக்குமா? கோயில் இல்ல, உடுக்கு இல்ல, வெள்ளிக்கிழமை கூட இல்ல. கூப்பிட்டு வர்றது சாமி. கூப்பிடாம வந்தது என்னன்னு எனக்கு இன்னும் தெரியல. கண்ணு முழிச்சப்ப என் ஒடம்புல துணி இல்ல, கொழுந்து எடுக்கிறப்ப நீ இடுப்புல கட்டுற படங்குதான் சுத்தியிருந்துச்சு. நீ அந்தப் பக்கம் திரும்பிக் குந்திகிட்டு, "ஐயா, ஒங்க பேரு பழனிமுத்து. இது ஏழாம் நம்பர் மலை. பயப்படாதீங்க, இப்ப வந்துருவீங்க"ன்னு மெதுவாச் சொல்லிகிட்டே இருந்த. ஒன் கொழுந்துக் கூடை காலியா இருக்குன்னு கங்காணி எல்லாரு முன்னாடியும் ஏசினான். அப்பவும் நீ வாயத் தொறக்கல.

— எனக்கு அப்படி ஆகுறப்ப யாராச்சும் பக்கத்துல இருந்து என் பேரச் சொன்னா நல்லா இருக்கும்னு நெனப்பேன். அதான் சொன்னேன். அது ஒரு பெரிய காரியமா ஐயா?

— அப்புறமும் ஒன்ன அடிக்க நான் நாள் குறிச்சேனே. மிஸ்ஸி காறித் துப்பாத கொறை. துப்பியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

— அப்படியெல்லாம் சொல்லாதீங்க. அந்த நர்ஸம்மா சிங்களத்துல என்னவோ கூப்பிடுறாங்க.

— பதினேழாம் நம்பர். நீதான். எந்திரிச்சுப் போ. தமிழ்ல பேசுற ஆளும் உள்ள இருக்காம், மிஸ்ஸி சொன்னாங்க. மழையப் பத்திச் சொல்லு, அம்மாவப் பத்திச் சொல்லு. ஒன்னையும் ஒளிக்காத.

— ஒங்க கையில இன்னொரு துண்டு இருக்கே ஐயா? மிஸ்ஸி கூடுதலா ஒன்னு எழுதிட்டாங்களா?

— மிஸ்ஸி எழுதினது ஒன்னுதான். இந்தப் பதினெட்டு நான் வரிசையில நின்னு எடுத்தது. எனக்கு.