நடுவில் மட்டும் கொஞ்சம் கனம்

மாமா, அந்தக் குட்டித் தலையணையை முதுகுக்கு வைத்துக்கொண்டு வசதியாகச் சாய்ந்து உட்காருங்கள். இந்த நாற்காலியில் நேராக உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். காபி ஆறிக்கொண்டிருக்கிறது, முதலில் அதைக் குடியுங்கள். எல்லாவற்றையும் சொல்லத்தான் போகிறேன், அவசரமே இல்லை.

கதவைச் சாத்த வேண்டாம். அடுத்த அறையில் என் நாத்தனார்கள் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சாத்தினால் கதவில் காதை ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். பெரியவளுக்கு ஏற்கெனவே கழுத்து வலி. பஞ்சாயத்துக்கு உங்களைக் கூப்பிட்டதே அவர்கள்தான். அம்மாவின் அசல் போர்வை எங்கே என்று நான் சொல்லாவிட்டால் இனி அண்ணன் வீட்டு வாசற்படியை மிதிப்பதில்லை என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். சொன்னால் செய்கிறவர்கள்தான். உங்கள் மருமகனுக்குத் தங்கைகள் என்றால் உயிர். நேற்றிலிருந்து ஒரே பேப்பரைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருக்கிறார்.

அந்தப் போர்வை உங்களுக்கும் தெரியும். உங்கள் அக்கா, அதாவது என் மாமியார், பழைய பாவாடை, சட்டை, திரைச்சீலை என்று கிடைத்ததையெல்லாம் சதுரம் சதுரமாக வெட்டி இணைத்துக் கையால் தைத்தது. எங்கள் தொழிலில் குயில்ட் என்போம். மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி, மூன்றும் நழுவாமல் இருக்க மேலே ஓடும் தையல். அந்தத் தையலில் அத்தை இறகு இறகாக வளையங்கள் போட்டிருந்தார். நட்டநடு வளையத்தில் ஒரே ஒரு இறகு மட்டும் தலைகீழாகத் திரும்பியிருக்கும். யாரோ வம்பளக்க வந்த நேரத்தில் தைத்ததாம். பிரிக்கச் சோம்பல்பட்டு அப்படியே விட்டுவிட்டார். சின்ன வயதில் மூன்று பெண்களும் அந்த இறகை விரலால் தடவிக்கொண்டுதான் தூங்குவார்கள் என்று பெருமையாகச் சொல்வார்.

நானும் இதே வேலையைத்தான் செய்கிறேன், மெஷினில். இந்த அறையை அடைத்துக்கொண்டு நிற்கிறதே, கட்டில் மாதிரி, இதுதான் அது. ஊர்ப்பட்ட பெண்கள் ஒட்டுத்துணியை இணைத்துக் கொண்டுவந்து தருவார்கள். சட்டத்தில் பூட்டி, திரையில் டிசைனைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தினால் ஊசி தானாகவே ஓடும். அத்தைக்கு அதைக் கண்டாலே ஆகாது. "இதெல்லாம் ஒரு தையலா? டைப் அடிக்கிற மாதிரி இருக்கு," என்பார். வந்தவர்கள் முன்னாலும் சொல்வார். நான் சிரித்துக்கொள்வேன். எதையும் மனதில் வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

கடைசிக் காலத்தில் அவர் படுக்கையில் கிடந்தபோது பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து போனார்கள். வந்தவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தப் போர்வை உனக்குத்தான்டி. மத்தவளுங்ககிட்ட மூச்சு விடாதே," என்று சொல்வார். மூன்று பேரிடமும் அதே பேச்சு, அதே தழுதழுத்த குரல். நான் அதே கட்டிலில் விரிப்பை மாற்றிக்கொண்டிருப்பேன். நான் அந்த அறையில் இருப்பதாகவே அவருக்குக் கணக்கில்லை.

ஒருநாள் சும்மா விளையாட்டுக்குக் கேட்டேன், "எனக்கு என்ன அத்தை?" என்று.

"உனக்கு எதுக்கு? உன்கிட்டதான் மெஷின் இருக்கே," என்றார்.

நியாயமான பதில்தான். ஆனாலும் எனக்கு அழுகை வந்துவிட்டது. விரிப்பை உதறி, தூசி விழுந்துவிட்டது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அன்றைக்கு அவருடைய சூப்பில் உப்புப் போட மறந்துவிட்டது. வேலை மும்முரத்தில் மறப்பதுதானே. மற்றபடி அந்தப் போர்வை மேல் எனக்கு ஆசை எதுவும் இருந்ததில்லை. இதை நீங்கள் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அவர் போன பிறகு பீரோ முன்னால் மூவரும் போட்ட சண்டையை நீங்கள் பார்க்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைத்தார், எங்கள் பேச்சு சரியாகக் கேட்க வேண்டுமே என்று. ஆளாளுக்கு அம்மா எனக்குத்தான் தருவதாகச் சொன்னாள் என்றார்கள். ஒருத்தியும் பொய் சொல்லவில்லை, அதுதான் தொல்லை. தொண்டை கட்டிய பிறகு, தீர்ப்பு ஆகும்வரை போர்வை என்னிடமே இருக்கட்டும் என்று முடிவானது. "அண்ணிகிட்ட இருக்கட்டும். அவங்களுக்குத்தான் இதுல பங்கே இல்லையே," என்று நடுவுள்ளவள் சொன்னாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள்.

போர்வையை இந்த மேஜையில் விரித்து, அங்குலம் விடாமல் போட்டோ எடுத்தேன். திரையில் ஏற்றி, அத்தையின் தையல் மேலேயே மவுஸால் கோடு இழுத்துக்கொண்டே போனேன். மெஷினுக்குத் தப்பாகத் தைக்கத் தெரியாது மாமா, அதற்குத் தப்பைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அத்தையின் கை நடுங்கிய இடம், கண்ணாடி போடாமல் தைத்த இடம், கோபத்தில் நூலை இழுத்துச் சுருக்கிய இடம் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தேன். அந்தத் தலைகீழ் இறகையும்தான். அவருடன் பேசியதைவிட அந்த நாட்களில் அவருடைய தையலுடன் அதிகம் பேசினேன். கெட்டிக்காரர்தான், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

நடு வளையத்தில், அந்தத் தலைகீழ் இறகின் ஓரத்தில் கோடு இழுத்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தும்மல் வந்தது. மவுஸ் துள்ளி, கோட்டில் தூண்டில் முள் மாதிரி ஒரு பொடிக் கொக்கி விழுந்தது. அழித்துவிட்டுத் திரும்ப இழுத்திருக்கலாம். இதை எவள் பார்க்கப் போகிறாள் என்று விட்டுவிட்டேன். அத்தை இறகைப் பிரிக்காமல் விட்ட அதே சோம்பல்தான்.

மற்றதெல்லாம் வழக்கமான கைவேலை. பழைய காலத்து அச்சிலேயே புதுத்துணி கிடைக்கிறது. வெட்டி இணைத்து, கடுந்தேநீரில் ஊறவைத்தால் வெளுப்பு போய்ப் பழுப்பேறிவிடும். மேலே கண்ணுக்குத் தெரியாத நைலான் நூல், அடியில் பருத்தி நூல். மேல்நூலை இறுக்கினால் அடிநூல் புள்ளி புள்ளியாக மேலே தலைகாட்டும், கையால் தைத்தது போலவே இருக்கும். கடைசியில் வெந்நீரில் ஒரு அலசு. பஞ்சு சுருங்கி, போர்வை முழுக்கச் சுருக்கம் விழுந்து, பார்த்தால் வயசாளி மாதிரி ஆகிவிடும். அப்படி மூன்று போர்வை தைத்தேன்.

ஒவ்வொருத்தியையும் தனியாகக் கூப்பிட்டேன். "இதுதான் அசல். உங்கம்மா உனக்குத்தான்னு சொன்னதை நான் காதால கேட்டேன். மத்த ரெண்டு பேருக்கும் மெஷின்ல அதே மாதிரி தச்சுக் கொடுத்துட்டேன். பாவம், அதுதான் அசல்னு நம்பிட்டிருக்காங்க. நீ காட்டிக்கொடுத்துடாதே," என்றேன். அத்தை சொன்னதையே கொஞ்சம் நீட்டிச் சொன்னேன், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு இந்தக் குடும்பத்தில் இருந்த அமைதியை நீங்களே பார்த்தீர்கள். பெரியவள் நடுவுள்ளவளுக்கு விட்டுக்கொடுத்துப் பேசினாள். நடுவுள்ளவள் சின்னவளின் சமையலைப் புகழ்ந்தாள், அதையும் சாப்பிட்ட பிறகு. மூவருக்கும் மற்ற இருவர் மேலும் அப்படி ஒரு இரக்கம். உங்கள் மருமகன் இரண்டு கிலோ எடை கூடினார். நான் யாருக்காவது தீங்கு செய்திருந்தால் இப்படி நடக்குமா, நீங்களே சொல்லுங்கள்.

மூவருமே என்னிடம் ரகசியமாக ஒன்றைச் சொன்னார்கள். சின்னவள்தான் முதலில் சொன்னாள். "நடுவுல மட்டும் கொஞ்சம் கனமா இருக்கு அண்ணி. போர்த்திக்கிட்டா அம்மா நெஞ்சுல கை வச்ச மாதிரி. அசல்னா அசல்தான்."

ஆமாம் என்றேன். அது பொய் இல்லை, அதற்கு வருகிறேன்.

என்னை மாட்டிவைத்தது நடுவுள்ளவளின் நல்ல மனசு. போன வாரம் சின்னவளுக்குக் காய்ச்சல் வந்ததல்லவா, இவள் பார்க்கப் போனாள். அந்தப் பெண் பொய்ப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு நடுங்குவதைப் பார்த்து இவளுக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய்த் தன்னுடையதை எடுத்துவந்து, "உன்கிட்ட இருக்கிறது மெஷின்ல தச்சதுடி. இன்னிக்கு ஒருநாள் அம்மாவோடதைப் போர்த்திக்கோ," என்றிருக்கிறாள். காய்ச்சல்காரி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். பெரியவளைப் போன் போட்டு வரவழைத்தார்கள். அவளும் சும்மா வரவில்லை, தன் போர்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள்.

மூன்றையும் கட்டிலில் விரித்துப் போட்டார்கள். சின்னவளின் போனில் அத்தையின் கடைசிப் படம் ஒன்று இருக்கிறது, நெஞ்சுவரை அசல் போர்வையுடன். பெரிதாக்கிப் பார்த்தார்கள். தலைகீழ் இறகின் ஓரம் வழுவழுவென்று இருந்தது. கொக்கி இல்லாததுதான் அசல் என்று பெரியவள் சட்டம் பேசினாள். ஆளுக்கொரு போர்வை மேல் குனிந்தார்கள். என் தும்மல் மூன்றிலும் இருந்தது.

நேராக இங்கேதான் வந்தார்கள். "அசலை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்று அலமாரியைக் குடைந்தார்கள். காய்ச்சலோடு சின்னவள் மெஷினுக்கு அடியில் படுத்துப் பார்த்தாள். பெரியவள் இதே நாற்காலியில் உட்கார்ந்து, கைக்குக் கிடைத்த தலையணையைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

மாமா, நான் எதையும் ஒளித்துவைக்கவில்லை. மூவருக்கும் அசலைத்தான் கொடுத்தேன். அது உள்ளே இருக்கிறது.

பழைய போர்வையைப் பஞ்சோடு சேர்த்து உள்ளே வைத்துத் தைப்பது எங்கள் தொழிலில் நடப்பதுதான். அத்தையின் போர்வையை இந்த மேஜையில் விரித்து உருளைக்கத்தியால் வெட்டினேன். துணி நகராமல் மறுமுனையைப் பிடித்துக்கொண்டது உங்கள் மருமகன்தான். "எதை வெட்டறே?" என்றார். "பழசு," என்றேன். "ஓ," என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படித்தான். சத்தமே வரவில்லை மாமா. நல்ல பருத்தி, கத்திக்கு இணங்கிப் போனது. ஆளுக்கொரு துண்டை நடுவில் வைத்து, சுற்றிலும் புதுப்பஞ்சு கொடுத்து, நிறம் தெரியாமலிருக்க மேலே ஒரு வெள்ளைத் துணியும் பரப்பித் தைத்தேன். அந்தக் கனம் அதுதான். மூன்று பேருக்கும் தருவதாக அத்தை வாக்குக் கொடுத்திருந்தார். அதை நிறைவேற்றியது நான் ஒருத்திதான்.

உள்ளே கதறுகிறார்கள், கேட்கிறதா? அழட்டும், அந்தச் சத்தத்தில் இனி நான் சொல்வது அவர்கள் காதில் விழாது. ஆனால் போர்வையைப் பிரித்துப் பார்க்க வேண்டாம் என்று மட்டும் நீங்கள் சொல்லுங்கள். உங்கள் பேச்சைக் கேட்பார்கள். பிரித்தால் சும்மா இருக்க மாட்டார்கள், மூன்று துண்டையும் தரையில் சேர்த்துவைத்துப் பார்ப்பார்கள். சேர்த்தால் நடுவில் சதுரமாக ஒரு ஓட்டை இருக்கும்.

அது ஆசையால் இல்லை. மூன்று பங்காகச் சமமாக வெட்டுவதற்கு அந்த நடு வளையம் இடைஞ்சலாக இருந்தது. ஒருத்திக்குக் கொடுத்தால் மற்ற இருவருக்கும் அநியாயம் அல்லவா. அதனால் அதைத் தனியாக வெட்டி எடுத்தேன். வீணாகப் போக வேண்டாமே என்று ஒரு உறையும் தைத்துப் போட்டேன். அதை மட்டும் கையால் தைத்தேன், மெஷினில் இல்லை. கோணலாகத்தான் வந்தது.

காபி குடித்துவிட்டீர்களா? அப்படியானால் கொஞ்சம் முன்னால் நகருங்கள் மாமா, உங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பதை இப்படிக் கொடுங்கள். உறைக்கு மேலேயே தடவிப் பார்த்தாலும் அந்தத் தலைகீழ் இறகு விரலில் தட்டுப்படும். மத்தியானத்தில் நான் அதைத் தடவிக்கொண்டுதான் கண்ணயர்கிறேன். ஆசையெல்லாம் ஒன்றும் இல்லை, அது இல்லாமல் தூக்கம் வருவதில்லை, அவ்வளவுதான்.