வளைவுக்கு அங்காலை

— ஆரும் கேட்டால் வயித்துக்கை குழாய் விட்டது எண்டு சொல்லாதை, இராசமலர். கொழும்பிலை விசேஷ பரிசோதனை எண்டு சொல்லு.

— விசுவமடு முழுக்கத் தெரியும். சங்கக்கடையிலை நிண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்... சனசமூக நிலையத் தலைவர் ஐயாத்துரையின்ரை குடலைப் பாக்க லண்டனிலை படிச்ச டொக்டர் வந்தவர் எண்டு.

— வந்தவர்தானே.

— வந்து என்னத்தைக் கண்டவர்?

— குழாயின்ரை நுனியிலை வெளிச்சம். மற்றப் பக்கத்திலை ஒரு கண்ணை வைச்சுப் பாத்தவர். இரைப்பை சுத்தமாம். பிறகு சிறுகுடலுக்கை கொஞ்சத் தூரம் விட்டவர்...

— விட்டு?

— மற்ற டொக்டரைக் கூப்பிட்டார். அவரும் கண்ணை வைச்சார்.

— அப்ப மலத்தோடை ரத்தம் எங்கையிருந்து போகுதாம்?

— வளைவுக்கு அங்காலையாம். கறுப்பாய் என்னவோ... குழாய் கிட்டப் போகப் போக அதுவும் உள்ளுக்குப் போனது மாதிரி இருந்ததாம்.

— நீட்டுக் குழாய் விடத் திங்கட்கிழமை வரச் சொன்னவையெல்லோ. போங்கோ.

— விசரே உனக்கு? சிறுகுடல் இருபது அடி. ஈரக் கடதாசி மாதிரி. குத்துப்பட்டால் ஓட்டை, பிறகு வயித்தை வெட்டோணும். மயக்கத்திலை மூச்சும் அடைக்கலாமாம்.

— அருமையாத்தான், ஆயிரத்திலை ஒருத்தருக்குத்தான் அப்பிடி நடக்கும் எண்டும் நேற்று நீங்களே சொன்னனீங்கள். இண்டைக்கும் தார் மாதிரித்தானே போனது? முகம் வெளிறிக் கிடக்கு. எங்கடை நாயே உங்களைக் கண்டு பின்னுக்குப் போகுது.

— நாய் என்ன டொக்டரே...

— படுத்தால் உங்கடை வயித்துக்கை சத்தம் கேக்குது.

— வாய்வு.

— வாய்வெண்டால் நான் கதைச்சாலும் நிக்காது. இது நான் கதைக்க நிக்குது.

— இஞ்சேர், இனிக் குழாய் தேவையில்லை. விசயம் முடிஞ்சுது.

— என்னெண்டு முடிஞ்சுது?

— ஆருக்கும் சொல்லாதை. நாயாற்றிலை வீரபாகு எண்டு ஒருத்தன், மருந்தெடுக்கிறவன்...

— நீங்களோ? புருசனை அடக்கச் சோத்துக்கை மருந்து போடுறது, பிறகு ஆள் பிடிச்சு அதைச் சத்தியெடுப்பிச்சு வெளியிலை எடுக்கிறது, எல்லாம் மூடநம்பிக்கை எண்டு சனசமூக நிலையத்திலை மைக் பிடிச்சுப் பேசின ஆள்...

— பேசினது தலைவர். போனது நோயாளி. முந்தநாள் தலையிலை துவாயைப் போட்டுக்கொண்டு பஸ்ஸிலை போனனான். என்னத்தையோ பருக்கினான். சத்தியோடை ஒரு உருண்டை விழுந்தது, தலைமயிர் சுத்தினபடி. என்ரை கண்ணாலை கண்டனான். ஆர் போட்டது எண்டு நான் கேக்கேல்லை... கேக்கவும் மாட்டன்.

— ஒண்டுதானோ விழுந்தது?

— ஓம். ஏன்?

— திங்கட்கிழமை போங்கோ. நான் ரெண்டு போட்டனான்.