கில்லன் வீட்டுக் கை

மாலை நாலரை மணி. டிசம்பர் மாதம், அதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. அயர்லாந்தின் லெய்ட்ரிம் பகுதியில் சதுப்பு நிலத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் ஒற்றைப் பாதை… இரண்டு பக்கமும் கறுப்புத் தண்ணீர். ஒரே ஒரு கார் வந்துகொண்டிருந்தது. பாதை முடியும் இடத்தில் ஒரே ஒரு வீடு. கில்லன் வீடு.

நெருக்கி உட்காருங்கள். இது என் நண்பர் ஓயினின் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டில் நடந்தது. சிரிக்க நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். கில்லன்கள் பொய் சொல்லிப் பிழைத்த குடும்பம் அல்ல.

தலைமுறை தலைமுறையாக ஒரு பழைய சுவடியைக் காத்துவரும் வீடு அது. கன்றுத் தோலில் எழுதிய புத்தகம். மாட்டுக்கு நோய் வந்தால், அந்தப் புத்தகம் தொட்ட தண்ணீரைக் கேட்டு ஊரே வாசலில் நிற்கும். கட்டுப்பாடு ஒன்றுதான். ஏட்டைப் புரட்டும் கை கில்லன் வீட்டு ஆண்பிள்ளையின் கையாக இருக்க வேண்டும். டப்ளினில் ஒரு நூலகம் பல முறை கேட்டுப் பார்த்து, கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. புரட்ட ஒரு கில்லன் கை இருக்கும் வரை புத்தகம் கில்லன் வீட்டிலேயே இருக்கலாம்.

ஃபெர்கல் கில்லனுக்கு எழுபது தாண்டிவிட்டது. மனைவி இல்லை, பிள்ளை இல்லை. கல்யாணம் செய்துகொள்ளாத தங்கை அட்ராக்டா அவரோடு இருந்தாள். செத்துப்போன தம்பியின் மகன் கோனல் மட்டும் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில், சுரங்க இயந்திரம் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். "அந்தப் பழைய தோலைத் தொலைச்சுட்டு நிம்மதியா இருங்க" என்று போனில் சொல்கிறவன்.

அந்த வருஷம் ஃபெர்கலுக்குப் பக்கவாதம் வந்து போனது. காலும் பேச்சும் திரும்பின. வலது கை திரும்பவில்லை. கிள்ளினாலும் தெரியாது. அது தங்கை ஒருத்திக்குத்தான் தெரியும். யார் வந்தாலும் அந்தக் கை கோட்டுப் பைக்குள் போய்விடும்.

கார் வெளிச்சம் ஜன்னலில் விழுந்தது.

"சொல்லிடு அண்ணே," என்றாள் அட்ராக்டா. "அந்தப் பொண்ணே புரட்டிக்கட்டும். மானம் ஒண்ணும் போயிடாது."

"போகும். நீ ரொட்டியப் பாரு, கருகுது."

வந்தவள் மெரரிட், வேல்ஸ்காரி. ஐரிஷ், வெல்ஷ் பழஞ்சுவடிகளைப் படம் பிடித்து, விவரம் எழுதி, இணையத்தில் ஒரே பட்டியலாக ஏற்றுவது அவள் வேலை. மேசைக்கு மேல் கேமராவைத் தாங்கியில் மாட்டினாள்.

"அரை நிமிஷத்துக்கு ஒரு தடவ இது தானா படம் எடுக்கும் ஐயா. நடுவுல நீங்க ஒவ்வொரு ஏடா புரட்டினாப் போதும். நான் பக்கத்துல நிக்கிறேன்."

"வேண்டாம்மா. வெளியாள் முன்னால திறக்கிற வழக்கம் இல்ல. அடுப்படில போய் டீ குடி."

"சீட்டாட்டத்துல ஏமாத்துற ஆள் மாதிரில்ல கைய ஒளிச்சு வச்சிருக்கீங்க," என்று சிரித்துக்கொண்டே போனாள்.

அவர் கதவைச் சாத்தினார். க்ளிக். இடது கையால் முதல் ஏட்டின் மூலையைத் தூக்கினார். தோல் விறைத்துக் கீழ் ஏட்டோடு ஒட்டிக் கிடந்தது. இழுத்தார். தையல் பக்கம் 'டிக்' என்று ஒரு சத்தம்… கிழியப் போகிறது. விட்டுவிட்டார். ஒரு கை அழுத்தினால்தான் மறு கை பிரிக்க முடியும்.

க்ளிக். அதே பக்கம். க்ளிக். அதே பக்கம்.

கூப்பிட்டால் அவள் வருவாள். வந்தால் கையைப் பார்ப்பாள். பார்த்தால் எழுதுவாள். எழுதினால் புத்தகம் டப்ளினுக்கு. அவரோடு கில்லன் பேர் முடிந்தது.

நாற்காலியில் சாய்ந்து, அப்பா பெயரை, பாட்டனார் பெயரை, அவருக்கு முன்னால் இருந்தவர்கள் பெயரை முணுமுணுத்தார்.

அப்போதுதான் அந்த வாடை… மழையில் நனைந்த கன்றுக்குட்டி வாடை. அதோடு புளித்த மையின் வாடை.

ஏடு எழுந்தது. அவசரமே இல்லாமல். பழகிய கை புரட்டுவது போல நிமிர்ந்து, வளைந்து, மறுபக்கம் விழுந்தது. க்ளிக்.

மேசையருகே யாரும் இல்லை.

கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. கத்தினால் கதவு திறக்கும். கண்ணை இறுக மூடிக்கொண்டார். சர்ர்… தட். க்ளிக். சர்ர்… தட். க்ளிக். ஒவ்வொரு ஏட்டுக்கும் முன்னால் ஒரு சின்னச் சத்தம். ஒட்டிய ஏட்டைப் பிரிக்கும்போது பெருவிரலும் சுட்டுவிரலும் உரசுமே, அந்தச் சத்தம். முதலில் மேசைக்கு அந்தப் பக்கம் கேட்டது. பிறகு இந்தப் பக்கம். பிறகு அவர் காதருகே.

பிறகு நின்றுவிட்டது.

மெரரிட் கணினியில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அட்ராக்டா ரொட்டித் தட்டோடு பின்னால் நின்றாள்.

"அருமையா வந்திருக்கு. விரல்தான் ஓரத்துல விழுந்திருக்கு. நகம் வெட்டினா பாவமா ஐயா?"

பழுப்புப் பெருவிரல். நீண்ட நகம். நகக்கண்ணில் மை. படத்துக்குப் படம் அது இன்னும் கொஞ்சம் உள்ளே வந்திருந்தது. பெருவிரல்… பிறகு எல்லா விரலும்… பிறகு மணிக்கட்டு. வலது கை. அட்ராக்டா அண்ணனின் கோட்டுப் பையைப் பார்த்தாள். தட்டைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

"எல்லாத்தையும் உங்க வீட்டுக் கைதானே புரட்டிச்சு? பதிவுல போடணும்," என்றாள் மெரரிட்.

ஃபெர்கல் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

"கில்லன் கைதான். எழுதிக்கோ."

அவள் கடைசிப் படத்தைத் திறந்தாள். அதில் இரண்டு கைகள். ஏட்டின் மேல் விரித்து வைத்த ஒரு வலது கை… சாம்பல் நிறக் கோட்டு, பொத்தான் அறுந்த கைமடிப்பு. அந்த மணிக்கட்டைப் பிடித்திருந்தது பழுப்புக் கை.

ஃபெர்கல் குனிந்து பார்த்தார். பை காலி. வலது கை மடியில் கிடந்தது. எப்போது வெளியே வந்தது என்று அவருக்குத் தெரியாது. பெருவிரலில் மை. இன்னும் ஈரமாக.

மெரரிட் டீயைக் குடிக்காமலே கிளம்பினாள். பட்டியலில் புத்தகம் ஏறியது, 'கில்லன் குடும்பத்தின் காவலில்' என்று. கடைசி ஏட்டுக்கு மட்டும் படம் இல்லை.

அதன் பிறகு அவர் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டுதான் தூங்கினார். பிடி தளர்ந்த இரவுகளில் அட்ராக்டாவுக்குச் சுவர் தாண்டிக் கேட்கும்… இரண்டு விரல் உரசும் சத்தம்.

அடுத்த குளிர்காலத்தில் ஃபெர்கல் போய்ச் சேர்ந்தார். வழக்கப்படி முன்னறையில் கிடத்தி, கையில் ஜெபமாலை சுற்றினார்கள். வந்தவர்கள் அந்தக் கையைத் தொட்டு விடை பெற்றார்கள். கோனல் பெர்த்திலிருந்து வந்தான். புத்தகத்தை டப்ளினுக்கே கொடுத்துவிடலாம் என்று வாசலிலேயே ஆரம்பித்தான்.

"முதல்ல பெரியப்பா கையத் தொட்டுட்டு வா," என்றாள் அட்ராக்டா. "மத்தத அப்புறம் பேசலாம்."

தொட்டான். கையை இழுத்தான். மறுபடி இழுத்தான்.

"அத்தே," என்றான், யாருக்கும் கேட்காத குரலில். "அத்தே… இவர் விட மாட்டேங்கறார்."

அட்ராக்டா ஜெபத்தை நிறுத்தவில்லை.

கோனல் பெர்த்துக்குத் திரும்பவில்லை. அந்த வீட்டிலேயே இருக்கிறான். புத்தகமும் இருக்கிறது. போன வாரம் ஓயின் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நன்றாகத்தான் பேசினானாம். டீயை மட்டும் இடது கையால் வாங்கினானாம். வலது கை கோட்டுப் பைக்குள் இருந்தது.

அவன் அசையவில்லை, ஓயினும் அசையவில்லை. ஆனால் பைக்குள் அந்தச் சத்தம்… கேட்டுக்கொண்டே இருந்ததாம்.