மூன்று தட்டு தட்டிய மஞ்சள் சிலிண்டர்

பெயர் கர்ரார் ஹம்தல்லாஹ், வயது 44, குசைர் துறைமுகத்துக்குப் பின்னால் குடியிருப்பு. தொழில், கடலில் முக்குளிப்பவர்கள் முதுகில் கட்டும் எஃகுக் காற்று சிலிண்டர்களுக்குப் பெயிண்ட் அடிப்பது. ரிஃபாயி என்பவரின் சிலிண்டரை அறுத்தது ஏன் என்று போலீஸ் அதிகாரி விசாரித்ததில் நான் சொல்வது:

சென்ற கோடையில் எங்கள் முக்குளிப்பு வழிகாட்டி ஷாஸ்லி கடலுக்குள் போனவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. இந்த மாதம் அவருடைய சிலிண்டர் மட்டும் மீன்வலையில் ஏறி வந்தது. அதன் காற்றழுத்த மானி பாதிக்கு மேல் காற்று காட்டியது. காற்று இருக்க மனிதர் ஏன் மூழ்கினார் என்று முதலாளி வஜ்தி கேட்கவே இல்லை.

ஷாஸ்லியின் தம்பி ரிஃபாயி, அண்ணனுக்குக் கல்லறைகூட இல்லை, இனி இதைக் கட்டிக்கொண்டுதான் கடலில் இறங்குவேன், பழைய மஞ்சளே அடித்துத் தாருங்கள் என்றான். அதன் பிறகு எந்தப் பூச்சு என்பதில் தகராறு வந்தது. முதலாளி, பவுடர் தூவி அடுப்பில் சுட்டெடுக்கச் சொன்னார், பளபளக்குமாம். சூட்டில் எஃகு வலுவிழந்தால் காற்று நிரப்பும்போது வெடிக்கும் என்று சொல்லி, அடியில் துத்தநாகப் பூச்சு, மேலே எபாக்சி பெயிண்ட் என்று நான் பிடிவாதமாக நின்றேன். அதற்கு ஒத்துக்கொண்டார். உள்ளேயும் திறந்து பார்க்கலாம் என்றதற்குத்தான், "நீ பெயிண்டரு, வெளிய பூசு. உள்ள என்ன உன் மாமனார் வீட்டு நகையா இருக்கு?" என்றார். சொன்னபடி வெளியே மட்டும் அடித்தேன். மீதிக் காற்றையும் நிரப்பிவிட்டார்கள்.

பெயிண்ட் எல்லா இடமும் கல்லாகக் காய்ந்தது. கழுத்துக்குக் கீழே நாலு விரல் அகலத்துக்கு மட்டும் ஈரம் போகவில்லை. அது ஷாஸ்லி தட்டுகிற இடம். கடலுக்கடியில் பேச முடியாதே. கத்திப் பிடியால் தன் சிலிண்டரில் மூன்று தட்டு தட்டுவார். என்னைப் பார் என்று அர்த்தம்.

பெயிண்ட் அடித்த சிலிண்டரை மரச்சுத்தியால் ஒரு தட்டு தட்டிக் கேட்பது எங்கள் பட்டறை வழக்கம். நல்ல எஃகு கணீரென்று நீளமாக ஒலிக்கும். காற்று நிரப்பிய அன்று பிற்பகல் தட்டினேன். சொத்தென்றது. சுத்தியைக் கீழே வைத்த பிறகு, உள்ளேயிருந்து மூன்று தட்டு வந்தது.

சிலிண்டரை வாங்க வந்திருந்த ரிஃபாயிக்கும் அது கேட்டது. அவன் முகம் மலர்ந்தது.

"அண்ணன் கூப்பிடுறாருண்ணே. நாளைக்கே எறங்குறேன்."

"கூப்பிடலடா, தடுக்குறாரு."

"பயந்தாங்கொள்ளிண்ணே நீங்க" என்று சிரித்துவிட்டு டீ குடிக்கப் போனான்.

அதன் பிறகு நான் காற்றைத் திறந்துவிட்டு, கட்டிங் மிஷினால் சிலிண்டரை இரண்டாக அறுத்தேன். உள்ளே உப்புத் தண்ணீர், துருச்சேறு. துரு, காற்றில் உள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். மானி அதைக் காட்டாது, மூச்சு இழுப்பவனுக்கும் தெரியாது, அப்படியே மயங்குவான். ஷாஸ்லி அப்படித்தான் போயிருப்பார். திரும்பி வந்த ரிஃபாயி சேற்றைப் பார்க்கவில்லை. அண்ணனை அறுத்துவிட்டேன் என்று அழுதுகொண்டே போய்ப் புகார் கொடுத்தான்.

இதையும் சேர்க்க வேண்டும். மேற்படி வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டும்போது, மேசைமேல் இருந்த அறுத்த துண்டில் மூன்று தட்டு கேட்டது. மின்விசிறிச் சத்தம் என்று அதிகாரி எழுதச் சொன்னார். அப்போது மின்சாரம் இல்லை. வாசலில் உட்கார்ந்திருந்த ரிஃபாயி எழுந்து வந்து, முதல் தடவையாகத் துண்டுக்குள் குனிந்து பார்த்தான்.

நான் சொன்னது இவ்வளவே. கூட்டியோ குறைத்தோ எழுதப்படவில்லை, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) கர்ரார் ஹம்தல்லாஹ்